தீசிஸுக்கு மூன்றாம் வகுப்பு... 19 வருஷத்தில் நோபல்! சூட்டின் கணக்கைப் பிடித்த அர்ஹீனியஸ் யார்?

வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காலாவதி தேதி இருக்கும். தயாரித்த நாளிலிருந்து 2 வருஷம், 3 வருஷம் என்று கணக்கு வரும். சரி, ஒரு புது மருந்தை 3 வருஷம் அலமாரியில் வச்சுப் பார்த்துட்டுத்தான் கடைக்கு அனுப்புறாங்களா?

பெரும்பாலும் இல்லை. 40 டிகிரி செல்சியஸ் சூடு, 75 சதவீத ஈரப்பதம் உள்ள பெட்டிக்குள் அந்த மருந்தை 6 மாதம் வைக்கிறார்கள். அங்கே அது எவ்வளவு கெட்டுப்போகிறது என்று அளக்கிறார்கள். சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கான முதல் கணிப்பு அதிலிருந்துதான் வருகிறது. அறை வெப்பநிலையில் வைத்துப் பார்க்கும் நிஜ சோதனை அதன் பக்கத்திலேயே தனியாக ஓடிக்கொண்டிருக்கும்.

சூட்டில் 6 மாதம் நடந்ததை வைத்து, சூடில்லாத இடத்தில் வருஷக்கணக்கில் என்ன நடக்கும் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுத்தது 1889-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை. எழுதியவருக்கு அப்போது 30 வயது. கட்டுரையின் விஷயம், சர்க்கரைத் தண்ணீர். அவர் பெயர் ஸ்வாந்தே அர்ஹீனியஸ். பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சமன்பாடு ஞாபகம் வரும், கூடவே லேசாகப் பரீட்சை பயமும் வரும். அந்தச் சமன்பாட்டுக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று பார்க்கலாம்.

அப்பாவின் கணக்கு நோட்டு

1859 பிப்ரவரி 19. ஸ்வீடனில் உப்சாலா நகருக்குப் பக்கத்தில் உள்ள வீக் என்ற இடத்தில் பிறந்தார். அப்பா நில அளவையாளர். உப்சாலா பல்கலைக்கழகத்தின் நிலங்களைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. மகன் பிறந்த அடுத்த வருஷமே குடும்பம் உப்சாலாவுக்குக் குடிபெயர்ந்தது.

மூன்று வயதில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எழுத்துக்கூட்டிப் படித்தார் என்று அவர் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அப்பா கணக்கு நோட்டில் எண்களைக் கூட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே கணக்குப் பழகிவிட்டாராம். மேதைகளைப் பற்றி இப்படிக் கதைகள் கிளம்புவது வழக்கம்தான். ஆனால் இவர் விஷயத்தில் இது பின்னாளில் அப்படியே பொருந்திப் போகிறது. அடுத்தவர் எழுதிவைத்த எண்களைப் பார்த்து, அதில் எழுதியவருக்கே தெரியாத ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் இவர் வாழ்க்கை முழுக்கச் செய்த வேலை.

அம்மாவின் குடும்பப் பெயர் தன்பெர்க். இந்தப் பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? காலநிலைப் போராளி கிரெட்டா தன்பெர்க் இவருக்குத் தூரத்து உறவு. கிரெட்டாவின் அப்பா பெயரும் ஸ்வாந்தேதான். அர்ஹீனியஸ் நினைவாக வைத்த பெயர் அது. இந்த உறவுக்குக் கொஞ்சம் கீழே இன்னொரு அர்த்தமும் வரும்.

சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்த பேராசிரியர்

உப்சாலா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே இயற்பியல் சொல்லிக்கொடுத்த விதமும் பிடிக்கவில்லை, வேதியியலும் பிடிக்கவில்லை. 1881-ல் ஸ்டாக்ஹோமுக்குப் போய், அறிவியல் அகாடமியில் எட்லண்ட் என்ற இயற்பியலாளரிடம் வேலை செய்தார். உப்பு, அமிலம் போன்றவற்றைக் கரைத்த தண்ணீரில் மின்சாரம் எப்படிப் பாய்கிறது என்று அளப்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு.

1884-ல் சுமார் 150 பக்கத்தில், பிரெஞ்சு மொழியில், முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை உப்சாலாவில் சமர்ப்பித்தார். கரைசலில் சில மூலக்கூறுகள் மின்சாரத்தைக் கடத்தும் நிலையில் இருக்கின்றன, மற்றவை சும்மா இருக்கின்றன என்பது அதன் சாரம். இந்த யோசனை வளர்ந்து 1887-ல் முழுக் கொள்கையாக வந்தது. அதாவது, உப்பைத் தண்ணீரில் போட்டவுடனே அது சோடியம், குளோரின் அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது, அதைப் பிரிக்க மின்சாரமே தேவையில்லை என்றார்.

இன்றைக்கு இது பள்ளிக்கூடப் பாடம். அன்றைக்குக் கிட்டத்தட்ட கேலிக்கூத்து. சோடியம் தண்ணீரில் பட்டால் தீப்பிடிக்கும். குளோரின் மூச்சைத் திணறவைக்கும் விஷவாயு. இந்த இரண்டும் ஒரு டம்ளர் உப்புத் தண்ணீருக்குள் சாதுவாக மிதக்கின்றன என்றால் யார் நம்புவார்கள்? மின்னேற்றம் பெற்ற அயனியும் சாதாரண அணுவும் வேறு வேறு ஆள் மாதிரி நடந்துகொள்ளும் என்பது அப்போது யாருக்கும் புரியவில்லை.

புதிய யோசனையைச் சொல்லத் தன் வேதியியல் பேராசிரியர் கிளேவேயிடம் போனதை அர்ஹீனியஸ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். கிளேவே சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அத்தோடு விடைகொடுத்து அனுப்பிவிட்டாராம். விவாதம் இல்லை, எதிர்ப்புகூட இல்லை.

ஆய்வேட்டுக்கு முதலில் கிடைத்தது நான்காம் வகுப்பு. வாய்மொழித் தேர்வில் வாதாடிய பிறகு அது மூன்றாம் வகுப்பாக உயர்ந்தது. அன்றைய உப்சாலாவில் இதற்கு என்ன அர்த்தம்? பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலையை மறந்துவிடலாம் என்று அர்த்தம்.

ஒரே நாளில் பல்வலி, பெண் குழந்தை, ஒரு தீசிஸ்

அர்ஹீனியஸ் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆய்வேட்டின் பிரதிகளை வெளிநாட்டு விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பினார். ஒன்று ரிகா நகரத்தில் இருந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு கைக்குப் போனது. தனக்கு ஒரே நாளில் கடுமையான பல்வலியும் வந்தது, பெண் குழந்தையும் பிறந்தது, இந்த ஆய்வேடும் வந்து சேர்ந்தது என்று ஆஸ்ட்வால்டு பிறகு சொல்லியிருக்கிறார். மூன்றிலும் அதிகமாகத் தூக்கத்தைக் கெடுத்தது ஆய்வேடுதான் போலிருக்கிறது. அந்தக் கோடையிலேயே, ஆகஸ்ட் மாதம், கிளம்பி நேராக உப்சாலாவுக்கு வந்துவிட்டார், இந்தப் பையனைப் பார்க்க.

வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் மூன்றாம் வகுப்பு வாங்கியவரைத் தேடி வந்து வேலை தருகிறேன் என்றதும், ஊரில் இருந்தவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 1884 முடிவதற்குள் உப்சாலாவிலேயே அவருக்கு விரிவுரையாளர் தகுதி கிடைத்தது. ரிகாவுக்கு உடனே போக முடியவில்லை, அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். 1885-ல் அப்பா இறந்தார்.

அதன் பிறகு அகாடமி கொடுத்த பயண உதவித்தொகையில் ஐரோப்பாவைச் சுற்றினார். ரிகாவில் ஆஸ்ட்வால்டு, வூர்ஸ்பர்க்கில் கோல்ராஷ், கிராஸில் போல்ட்ஸ்மேன், ஆம்ஸ்டர்டாமில் வான்ட் ஹாஃப். போல்ட்ஸ்மேன் மூலக்கூறுகளின் வேகத்தையும் ஆற்றலையும் கூட்டம் கூட்டமாகக் கணக்கிட்டவர். வான்ட் ஹாஃப் வேதிவினைகளின் வேகத்துக்குக் கணித அடிப்படை போட்டவர். இந்த இரண்டு பேரிடமும் கற்றதை ஒன்றாகச் சேர்த்தால் என்ன ஆகும்? அதுதான் 1889 கட்டுரை.

சர்க்கரைத் தண்ணீரில் இருந்த புதிர்

சூடு பண்ணினால் வேதிவினை வேகமாக நடக்கும். இது அடுப்பு பற்றவைக்கத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். கேள்வி, எவ்வளவு வேகமாக? ஏன் அவ்வளவு வேகமாக?

அந்தக் காலத்து வேதியியலாளர்களுக்கு வசதியான ஒரு வினை, கரும்புச் சர்க்கரையை அமிலம் கலந்த தண்ணீரில் உடைப்பது. சர்க்கரை மூலக்கூறு குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக உடையும். வசதி என்னவென்றால், இதைத் தொடாமலே அளக்கலாம். சர்க்கரைக் கரைசல், அதன் வழியாகப் போகும் முனைவுற்ற ஒளியை வலப்பக்கம் திருப்பும். உடைந்த கலவையோ இடப்பக்கம் திருப்பும். ஒளி எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று கருவியில் பார்த்தால் எவ்வளவு சர்க்கரை உடைந்தது என்று தெரிந்துவிடும். 1850-லேயே வில்ஹெல்மி என்ற ஜெர்மானியர் இப்படி அளந்து காட்டிவிட்டார்.

ஸ்போர் என்ற ஆய்வாளர் இதே வினையை வெவ்வேறு வெப்பநிலைகளில் அளந்து பட்டியல் போட்டிருந்தார். அர்ஹீனியஸ் எடுத்துக்கொண்ட எண்கள் இவை:

25 டிகிரியில் வேகம் 9.67
40 டிகிரியில் 73.4
45 டிகிரியில் 139
50 டிகிரியில் 268
55 டிகிரியில் 491

30 டிகிரி சூடு கூடியதற்கு வேகம் 50 மடங்கு கூடியிருக்கிறது. 25 டிகிரிக்குப் பக்கத்தில் பார்த்தால், ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 14 சதவீதம் கூடுகிறது.

இதில் என்ன புதிர் என்கிறீர்களா? சூடு என்றால் மூலக்கூறுகள் வேகமாக ஓடுவது. வேகமாக ஓடினால் அதிகமாக மோதிக்கொள்ளும், அதனால் வினையும் வேகமாகும். இதுதான் நம் எல்லோருக்கும் தோன்றும் பதில். ஆனால் கணக்குப் போட்டால் இது தேறாது. அறை வெப்பநிலையில் ஒரு டிகிரி கூடினால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் ஒரு சதவீதத்தில் ஆறில் ஒரு பங்குதான் கூடும். கால் சதவீதம்கூட இல்லை. ஓட்டம் இவ்வளவு குறைவாகக் கூடும்போது, வினை 14 சதவீதம் எப்படி எகிறும்?

அர்ஹீனியஸ் சொன்ன பதில் இதுதான். எல்லாச் சர்க்கரை மூலக்கூறும் வினையில் கலந்துகொள்வதில்லை. பெரும்பாலானவை சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன. தேவையான ஆற்றலை எப்படியோ சேர்த்துக்கொண்ட மிகச் சிலவே உடைகின்றன. அவற்றை அவர் செயல்படு மூலக்கூறுகள் என்றார். மலைப்பாதையில் உச்சியைத் தாண்டினால்தான் அந்தப் பக்கத்து ஊருக்கு இறங்க முடியும் என்பது மாதிரி. சூடு கூடும்போது எல்லா வண்டியின் வேகமும் துளித்துளியாகத்தான் கூடுகிறது. ஆனால் உச்சியை எட்டும் வண்டிகளின் எண்ணிக்கை மடமடவென்று பெருகிவிடுகிறது.

கவனியுங்கள், 1884 ஆய்வேட்டிலும் இவர் சொன்னது கிட்டத்தட்ட இதேதான். கரைசலில் சில மூலக்கூறுகள் வேலை செய்கின்றன, மற்றவை சும்மா இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு வாங்கித் தந்த அதே யோசனையை 5 வருஷம் கழித்து வேறு இடத்தில் போட்டுப் பார்த்தார், அங்கேயும் பொருந்தியது.

சரி, அந்த உச்சியின் உயரம் எவ்வளவு?

மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாது, அது ஏறும் மேட்டையும் பார்க்க முடியாது. ஆனால் இரண்டு வெப்பநிலைகளில் வினையின் வேகம் தெரிந்தால் மேட்டின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். பின்னாளில் இதற்குக் கிளர்வு ஆற்றல், ஆங்கிலத்தில் ஆக்டிவேஷன் எனர்ஜி என்று பெயர் வந்தது. மேலே உள்ள பட்டியலில் முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் மட்டும் வைத்துப் போட்டுப் பார்க்கலாம். மொபைலில் இருக்கும் சயின்டிஃபிக் கால்குலேட்டர் போதும்.

முதலில் வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற வேண்டும். 273.15-ஐக் கூட்டினால் 25 டிகிரி 298.15 ஆகும், 55 டிகிரி 328.15 ஆகும்.

அடுத்து, 1-ஐ இந்த எண்களால் வகுக்க வேண்டும். முதலாவது 0.0033540. இரண்டாவது 0.0030474. இரண்டுக்கும் வித்தியாசம் 0.0003066.

பிறகு வேகங்களின் விகிதம். 491-ஐ 9.67-ஆல் வகுத்தால் 50.8. இதன் இயல் மடக்கை, அதாவது கால்குலேட்டரில் எல்-என் என்று இருக்கும் பொத்தானை அழுத்தினால் வருவது, 3.93. இங்கே ஒரு நல்ல விஷயம். ஸ்போர் தன் வேகங்களை எந்த அலகில் எழுதியிருந்தாலும் நமக்குக் கவலையில்லை. விகிதம் எடுக்கும்போது அலகு அடிபட்டுப் போய்விடும்.

இப்போது 3.93-ஐ 0.0003066-ஆல் வகுங்கள். சுமார் 12,800 வரும். இதை வாயு மாறிலியான 8.314-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1,06,000 ஜூல். அதாவது, ஒரு மோல் சர்க்கரைக்கு 106 கிலோஜூல். அர்ஹீனியஸ் கலோரியில் கணக்குப் போட்டவர், அவருக்கு வந்த விடையும் அலகு மாற்றினால் இதை ஒட்டியதுதான்.

கணக்கு முடிஞ்சுதா? இல்லை, இனிமேல்தான் விஷயமே இருக்கு. இரண்டு எண்ணை வைத்து ஒரு விடை எடுப்பதில் பெரிய சாமர்த்தியம் இல்லை. நடுவில் உள்ள மூன்று வெப்பநிலைகளை நாம் தொடவே இல்லையே? அவற்றை இந்த விடையிலிருந்து கணித்துப் பாருங்கள். 40 டிகிரிக்கு 75.7 வருகிறது, அளந்தது 73.4. 45 டிகிரிக்கு 144, அளந்தது 139. 50 டிகிரிக்கு 268, அளந்ததும் 268. ஆய்வகத்தில் யாரோ ஒருவர் பொறுமையாக அளந்து எழுதியதை, உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவர் காகிதத்தில் கணித்துவிட்டார். அர்ஹீனியஸ் சர்க்கரையோடு நிற்கவில்லை. மற்றவர்கள் அளந்து வைத்திருந்த வேறு பல வினைகளுக்கும் இதையே செய்து காட்டினார்.

எங்கே சறுக்கும்?

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் கெல்வின். செல்சியஸிலேயே கணக்கைப் போட்டால், இதே சர்க்கரைக்கு வெறும் 1.5 கிலோஜூல் வரும். கிட்டத்தட்ட 70 மடங்கு தப்பு. கால்குலேட்டர் எச்சரிக்கை எதுவும் தராது, விடையை மட்டும் அமைதியாகக் காட்டும்.

இன்னொன்று, வெப்பநிலைகளை மிக நெருக்கமாக எடுப்பது. 25 டிகிரியிலும் 30 டிகிரியிலும் மட்டும் அளந்து, ஒரு வேகத்தில் 5 சதவீதம் பிசகிவிட்டால், விடையில் 7 கிலோஜூலுக்கும் மேல் பிசகும். 25-க்கும் 55-க்கும் நடுவே அதே 5 சதவீதப் பிசகு விடையை 1.4 கிலோஜூல் அளவுக்குத்தான் அசைக்கும். அதனால்தான் ஆய்வகங்களில் நாலைந்து வெப்பநிலைகளில் அளக்கிறார்கள். படுக்கை அச்சில் 1-ஐ வெப்பநிலையால் வகுத்த எண்ணையும், நிமிர்ந்த அச்சில் வேகத்தின் மடக்கையையும் வைத்துப் புள்ளி போட்டால் நேர்க்கோடு வரும். அந்தக் கோட்டின் சரிவை 8.314-ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல். கோடு கீழ்நோக்கிச் சரிவதால் எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வரும், அதை விட்டுவிட வேண்டும்.

புள்ளிகள் நேர்க்கோட்டில் உட்கார மறுத்தால்? அப்போது உள்ளே வேறு ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். பாலில் உறை ஊற்றுவதை யோசித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சீக்கிரம் தயிராகும். அதற்காகக் கொதிக்கக் கொதிக்க உள்ள பாலில் ஊற்றினால் தயிரே ஆகாது. உயிருள்ள பொருள்கள் வரும் இடத்தில் நேர்க்கோடு ஒரு வரம்பு வரைக்கும்தான். மருந்துச் சோதனையிலும் இதே சிக்கல் உண்டு. 40 டிகிரியில் மருந்து ஒரு வழியில் கெட்டு, 25 டிகிரியில் வேறு வழியில் கெட்டால் கணிப்பு கவிழ்ந்துவிடும். நிஜ வெப்பநிலைச் சோதனையைப் பக்கத்திலேயே ஓட விடுவது இதற்காகத்தான்.

சமன்பாடு உண்மையில் யாருடையது?

நேர்மையாகச் சொன்னால், இந்த வடிவத்தை அர்ஹீனியஸுக்கு முன்னாலேயே, 1884-ல், வான்ட் ஹாஃப் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். இதை அர்ஹீனியஸ் மறைக்கவில்லை. பிறகு ஏன் இவர் பெயர் ஒட்டிக்கொண்டது? செயல்படு மூலக்கூறுகள் என்ற விளக்கம் இவருடையது. இங்கிலாந்தில் ஹார்கோர்ட், எஸ்ஸன் என்ற இருவர் முற்றிலும் வேறொரு சூத்திரம் வைத்திருந்தார்கள். எண்களோடு அதுவும் நன்றாகத்தான் பொருந்தியது. 20-ம் நூற்றாண்டு பிறந்த பிறகும் எது சரி என்ற வாதம் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் நின்றது, ஏன் இப்படி என்று சொல்லக்கூடிய சூத்திரம்.

நிலா வெளிச்சத்தில் எடுத்த எண்கள்

1891-ல் ஸ்டாக்ஹோமில் ஆசிரியர் வேலை, 1895-ல் எதிர்ப்புக்கு நடுவே இயற்பியல் பேராசிரியர் பதவி. 1894-ல் தன் மாணவியாக இருந்த சோபியா ருட்பெக்கைத் திருமணம் செய்துகொண்டார். 1896-ல் அந்தத் திருமணம் முறிந்தது. ஒரு மகன். 1905-ல் மரியா ஜோஹான்சனை மறுமணம் செய்தார், அந்தத் திருமணம் நிலைத்தது.

முதல் திருமணம் ஆட்டம் கண்டுகொண்டிருந்த மாதங்களில் அவர் ஒரு நீண்ட, அலுப்பூட்டும் கணக்கில் மூழ்கியிருந்தார். காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடு கூடினாலோ குறைந்தாலோ பூமியின் வெப்பநிலை எவ்வளவு மாறும் என்ற கணக்கு. அமெரிக்க வானியலாளர் லாங்லி, நிலாவிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து வைத்திருந்தார். அவர் அளந்தது நிலாவின் வெப்பத்தைத் தெரிந்துகொள்ள. அதே எண்களை வைத்து, நடுவில் உள்ள காற்று எவ்வளவு வெப்பத்தை விழுங்குகிறது என்று கணக்கிட முடியும் என்று அர்ஹீனியஸ் பார்த்தார். மறுபடியும் அடுத்தவர் நோட்டு!

1896-ல் வெளிவந்த விடை, கார்பன் டை ஆக்ஸைடு இரண்டு மடங்கானால் பூமி சுமார் 5 முதல் 6 டிகிரி சூடாகும் என்றது. இன்றைய மதிப்பீடுகளைவிட இது அதிகம்தான். ஆனால் கையால் போட்ட கணக்கு, 19-ம் நூற்றாண்டுத் தகவல்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேடிக்கை என்னவென்றால், அவர் இதைப் பார்த்துப் பயப்படவில்லை. குளிரில் நடுங்கும் ஸ்வீடனுக்குக் கொஞ்சம் சூடு நல்லதுதான் என்று நினைத்தார். அவ்வளவு கரி எரிய ஆயிரக்கணக்கான வருஷம் ஆகும் என்றும் நம்பினார். கிரெட்டாவின் உறவு என்றதற்கு இன்னொரு அர்த்தம் உண்டு என்றோமே, அது இதுதான்.

நோபல் மேடையும், உள் அரசியலும்

1903-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு அர்ஹீனியஸுக்குக் கிடைத்தது. நோபல் வாங்கிய முதல் ஸ்வீடன்காரர் அவர்தான். பரிசு சர்க்கரைக் கணக்குக்காக இல்லை, அயனிகளாகப் பிரியும் கொள்கைக்காக. அதாவது, மூன்றாம் வகுப்பு வாங்கிய அந்த ஆய்வேட்டில் முளைவிட்ட யோசனைக்காக. அந்த வருஷம் வேதியியல் நோபல் குழுவின் தலைவர் யார் தெரியுமா? சுவாரஸ்யமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவைத்த அதே கிளேவே.

1905 முதல் ஸ்டாக்ஹோமில் நோபல் நிறுவனத்தின் இயற்பிய வேதியியல் பிரிவுக்கு இயக்குநரானார். யாருக்குப் பரிசு என்ற பேச்சில் அவர் குரலுக்குக் கனம் கூடியது. அதை அவர் எப்போதும் நல்லபடியாகப் பயன்படுத்தவில்லை. தனிம வரிசை அட்டவணை தந்த மெண்டலீவுக்கு 1906-ல் வேதியியல் பரிசு நெருங்கி வந்து கைநழுவியது. அதற்கு எதிராக அர்ஹீனியஸ் வேலை செய்தார் என்று நோபல் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். மெண்டலீவ் அயனிக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்தவர். 1907 பிப்ரவரியில் மெண்டலீவ் இறந்துவிட்டார். நிராகரிப்பு எப்படி வலிக்கும் என்று தெரிந்தவர் செய்திருக்கக் கூடாத காரியம் இது.

இதைவிட இருட்டான பக்கமும் உண்டு. 1909-ல் ஸ்வீடனில் தொடங்கிய இனத் தூய்மைச் சங்கத்தில் இவரும் உறுப்பினராக இருந்தார். மனிதர்களில் தரம் பிரிக்கும் அந்தச் சிந்தனை அங்கே படித்தவர்கள் மத்தியில் வேரூன்றியது. 1934-ல், அவர் இறந்து 7 வருஷம் கழித்து, ஸ்வீடன் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. பாடப்புத்தகத்தில் அவர் படத்துக்குக் கீழே இது இருக்காது.

கடைசி வருஷங்கள்

பிற்காலத்தில் எல்லாத் திசையிலும் கால் வைத்தார். நஞ்சுகளும் நஞ்சுமுறிவுகளும் உடலில் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குத் தன் வேகக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். உயிரின் விதைகள் விண்வெளியில் ஒளியின் உந்துதலால் மிதந்து வந்திருக்கலாம் என்று பொதுமக்களுக்கான புத்தகத்தில் எழுதினார். இதில் பல தேறவில்லை. சர்க்கரைக் கணக்கு தேறியது. சில்வண்டு கத்தும் வேகம், மின்மினி மின்னும் வேகம் ஆகியவற்றைக்கூடப் பின்னால் வந்தவர்கள் வெவ்வேறு வெப்பநிலைகளில் எண்ணி, அதே கோட்டில் புள்ளி வைத்துப் பார்த்தார்கள். ஒரு வரம்புக்குள் அவையும் நேர்க்கோட்டில் வந்து உட்கார்ந்தன.

1927 அக்டோபர் 2-ம் தேதி ஸ்டாக்ஹோமில் அர்ஹீனியஸ் காலமானார். வயது 68. உடலை உப்சாலாவுக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.